கரையேறு என்னும் வினை

கெட், புட், டேக், கிவ், கோ, கம். ஆங்கில வினைகளுள் இவற்றைக் காட்டிலும் எளியவை இல்லை. நம் ஊர்த் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகூட இவற்றின் பொருளை ஒப்பித்துவிடும். இவற்றோடு அப், அவுட், ஆஃப், த்ரூ என்னும் சிறு சொற்களுள் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டதும் முதுகலை முடித்தவரும் திகைத்து நிற்கிறார். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. கிவ் அப் என்றால் மட்டும் 'கைவிடு' என்று எப்படி ஆயிற்று? தமிழ்வழியில் பயின்று வந்த மாணவர் ஒருவர் வகுப்பில் நம்மிடம் இவ்வாறு கேட்டார். தமிழ் ஐயாவிடம் கேட்கவேண்டிய கேள்வியா இது என்று பின்வரிசை சிரித்தது. தமிழ் வகுப்பில் கேட்பதற்கே மிகவும் பொருத்தமான கேள்வி அது என்று நமக்குப் பட்டது. அவர் வாயாலேயே சொன்ன 'கைவிடு' என்னும் சொல்லில் கை எங்கே இருக்கிறது?

இத்திகைப்பு நெல்லைச் சீமைக்கு மட்டும் உரியதன்று. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வழக்கே அயலாருக்குப் பெருந்தொல்லை தருவது என்று குறித்திருக்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சேறியது மிகவும் பிந்தித்தான். லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் எழுதிய நூலொன்றில் அதைப் பயன்படுத்தினார். பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி. பெயர் வைக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மக்கள் அவற்றைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சுச் சொற்கள் வந்தன. கல்வியோடு இலத்தீன் சொற்கள் வந்தன. அடுப்படியிலும் வயலிலும் பழைய சொற்களே புழங்கின. ஆகவேதான் ஒரே செயலுக்கு அங்கே இரண்டு வினைகள். போஸ்ட்போன் என்பது ஏட்டுக்கு, புட் ஆஃப் என்பது பேச்சுக்கு. டாலரேட் ஏட்டுக்கு, புட் அப் வித் பேச்சுக்கு. நம் மாணவர்கள் முதல் வரிசையை நன்றாகவே அறிவார்கள். ரென் அண்ட் மார்ட்டினைக் கரைத்துக் குடி, 'இந்து' தலையங்கத்தை நாள்தோறும் படி என்பதுதானே இப்பள்ளத்தாக்கில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் அறிவுரை. தலையங்கம் படித்தவருக்குத் தலையங்கம்தான் பேசவரும். 'சகிக்கவியலாது' என்று சொல்லத் தெரிந்தவர், 'பொறுத்துக்கிட முடியல' என்று ஒருவர் சொல்லும்போது விளங்காமல் விழித்தால் எப்படியோ அப்படி.

இதே பாடு எதிர்த்திசையிலும் இம்மண்ணில் நடந்திருக்கிறது. காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், செந்தமிழில் காப்பியம் பாடும் அளவுக்குப் புலமை பெற்றவர். அவரே 1728இல் பேச்சுத் தமிழுக்கென இலத்தீன் மொழியில் தனி இலக்கணம் ஒன்று எழுதினார். புதிதாக வரும் பாதிரிமாருக்கு முதலில் வேண்டியது தெருவில் நடமாடும் தமிழ் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாயர்புரத்தில் கல்விப்பணி செய்த ஜி.யு. போப், தம் கைநூலின் தலைப்பிலேயே 'வழக்கிலுள்ள சாதாரணத் தமிழ்' என்ற கருத்தை வைத்தார். திருக்குறளையும் திருவாசகத்தையும் மொழிபெயர்த்த அவர், சந்தைத் தமிழைக் கீழானது என்று ஒதுக்கவில்லை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்ட் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பாளையங்கோட்டையைச் சுற்றி நடந்த செய்திகள் இவை. அயலார் நம் மொழியைக் கற்கக் கண்ட இவ்வழியை, நாம் அயல்மொழியைக் கற்கும்போது மறந்துவிட்டோம் என்றுதான் சொல்லவேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயில் சிக்கி, நூற்றுக்கணக்கானோர் தவித்தார்கள். அப்பகுதியிலிருந்து வரும் மாணவி ஒருவர் அடுத்த சில மாதங்களில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கேள்வி கேட்டவருக்கு வெள்ளம் நினைவுக்கு வந்திருக்கிறது. பரிவோடுதான் கேட்டிருக்கிறார்: ஹவ் டிட் யூ கெட் த்ரூ இட்?

மாணவி சொன்ன விடை: பை பஸ், வயா செய்துங்கநல்லூர்.

எதிரே இருந்தவர்கள் சிரித்தார்களாம். வேலை கிடைக்கவில்லை, அந்த ஒரு விடையால்தான் போயிற்று என்று சொல்ல நம்மிடம் சான்றில்லை. அவர் அதன் பிறகு இரண்டு தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது மட்டும் தெரியும். திரும்பி வந்து நம்மிடம் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னது இப்படி: "தண்ணி ஏறிக்கிட்டே வந்துச்சு ஐயா. ஆட்டை அவுத்து விட்டோம். மாடியில போய் ஒண்டிக்கிட்டோம். அரிசியெல்லாம் நனைஞ்சு போச்சு. பக்கத்து வீட்டு ஆச்சியைத் தூக்கிக்கிட்டு வந்தோம். அவிய சாமான் பூராவையும் ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிட்டு." ஆறு வாக்கியங்களில் ஒரு வினைகூடத் தனியே நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் முதல் வினை ஒரு செயலைச் சொல்ல, அடுத்து வருவது அதைத் தள்ளுகிறது, முடிக்கிறது, இழப்பாக்குகிறது. இவ்வளவு நுட்பமாகப் பேசத் தெரிந்தவருக்கு மொழித்திறன் இல்லை என்று எவர் சொன்னாலும் நாம் ஏற்பதற்கில்லை.

கெட் த்ரூ என்பதற்கு நம் வழக்கில் உள்ள சொல் 'கரையேறு' என்றோம். அவருக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. ஆற்றங்கரை மக்களுக்கு வேறெப்படித் தோன்றும்? மூன்று பெண்களையும் கரையேற்றிவிட்டார் என்று ஒரு தகப்பனைப் பற்றி நாம் சொல்வதைக் கேட்கும் வெள்ளைக்காரர், எந்த ஆறு, எந்தப் படித்துறை என்று தேடினால் அவரைப் பார்த்து நாமும் சிரிப்போம் அல்லவா?

நன்னூலில் துணைவினைக்கெனத் தனி இயல் இல்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தபோது துணைவினைகளுக்குத் தனிப் பதிவுகள் கொடுத்தது, மொழியியலாளர் இ. அண்ணாமலை 1985இல் இவ்வினைநீட்சி பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதியிருக்கிறார். வகுப்பறைக்கு இவை போதிய அளவில் வந்துசேரவில்லை. ஒரு கதவை வைத்துக்கொண்டே பாடம் நடத்தலாம். திறந்து வை என்றால் பின்னால் தேவைப்படும். திறந்து விடு என்றால் யாரோ உள்ளே வரவேண்டும். திறந்து பார் என்றால் திறக்குமா என்பதே ஐயம். திறந்து போட்டிருக்கிறான் என்றால் பொறுப்பில்லாதவன். திறந்து தொலை என்றால் சொல்பவருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே கதவுதான்.

ஆங்கிலத் துறை நண்பர் ஒருவரோடு சேர்ந்து, மாலை வேளைகளில் மாணவர்களைக் கொண்டு இருமொழிப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வருகிறோம். செங்கோட்டை ரயிலைப் பிடிக்க ஓடும் பிள்ளைகள் முதல் வாரத்தில் நழுவினார்கள். பிறகு அவர்களே வீட்டிலிருந்து வினைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். புட் ஆஃப், தள்ளிப்போடு: இரண்டிலும் 'போடு' இருக்கிறது. கிவ் இன், விட்டுக்கொடு: இரண்டிலும் 'கொடு'. டேக் ஆன் என்பது எழுத்துக்கு எழுத்து மேற்கொள். கெட் லாஸ்ட் என்று திரைப்படத்தில் வில்லன் உறுமுவது நம் தொலைந்து போ. ஈட் அப் என்பதில் 'அப்' மேலே காட்டவில்லை, தின்றுவிடு என்பதில் 'விடு' செய்யும் வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்தவர் கல்லிடைக்குறிச்சி மாணவர். கிவ் அப் கேட்ட அதே பையன்.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடுவதில்லை. ஆங்கிலம் வினையையும் சிறு சொல்லையும் பிரித்து நடுவே செயப்படுபொருளை உட்கார வைக்கும். புட் ஆஃப் இட் என்று எழுதிவிட்டு, புட் இட் ஆஃப் என்று ஏன் திருத்தினீர்கள் என்று கேட்பவர்களுக்கு நம் துணைவினை உதவாது. எரிச்சலையும் அலட்சியத்தையும் வினைக்குள்ளேயே வைத்துப் பேசிப் பழகியவர்கள், திறந்து தொலை என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வேறு சொற்களையோ குரலையோ நாடவேண்டியிருக்கிறது. ஒரு மாணவி 'தொலை' என்பதற்கு நேராகக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு, "குரலை உயர்த்துக" என்று எழுதியிருந்தார்.

ஐ வில் கோ அண்ட் கம் என்பது குறித்து மட்டும் நண்பருக்கும் நமக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது. அதைத் திருத்த வேண்டும், வேறு ஊரில் விளங்காது என்கிறார் அவர். அதில் நியாயம் இருக்கிறது. விடைபெறும்போது 'போகிறேன்' என்று மட்டும் சொல்லக்கூடாது என்று பாட்டி சொல்லிக்கொடுத்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்கிறோம் நாம். போன வெள்ளிக்கிழமை இதைப் பேசிப்பேசி நேரமாகிவிட, "சரி அண்ணாச்சி, போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் பேருந்தில் ஏறினார்.