ஊமைத்துரையின் படகு

“மாமா, உங்க ஊரு ஏவுகணை சொந்தப் படகுக்குப் பக்கத்துலயே விழுந்துட்டாம்லா!”

வண்ணார்பேட்டையிலிருந்து அக்கா மகன் அனுப்பிய குரல்பதிவு. கிளாஸ்கோவில் இருபது வருடமாகக் குப்பை கொட்டும் மாமாவுக்குச் சுருக்கென்றது. ‘உங்க ஊரு’ என்றதுதான் முதலில் தைத்தது, ஏவுகணை அப்புறம்.

பையன் சொன்னதில் பிழையில்லை. 2024 ஜனவரியில் பிரிட்டனின் நீர்மூழ்கிப் படகு ஹெச்.எம்.எஸ். வான்கார்ட் சோதனைக்கு ஏவிய ட்ரைடென்ட் ஏவுகணை, பாதுகாப்பு அமைச்சரே படகில் இருக்கும்போது கடலில் விழுந்தது. ஆனால் அது திருநெல்வேலி வரைக்கும் எப்படித் தெரிந்தது? மூன்று வாரத்தில் லண்டன் பத்திரிகை போட்டு உடைத்துவிட்டது. மாமாவின் பெருமை அங்கேதான் கொடிகட்டுகிறது.

1993-இல் கடற்படையில் சேர்ந்த வான்கார்டின் சரித்திரம் பாதி பழுதுக் கணக்கு. 2009 பிப்ரவரியில் அட்லாண்டிக் ஆழத்தில் பிரான்சின் லெ திரியோம்ஃபாந்த் மீது மோதியது. இரண்டும் அணு ஆயுதப் படகு, இரண்டும் சத்தமில்லாமல் போகவே கட்டப்பட்டவை! 2015-இல் பழுதுபார்க்கப் போனது, ஏழு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் வெளியே வந்தது. அணு உலைப் பகுதியில் உடைந்த போல்ட்டுகளைப் பசை போட்டு ஒட்டியிருந்த கூத்தும் 2023-இல் செய்தியானது. கிளாஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் வான்கார்டின் தளமான ஃபாஸ்லேன். அதன் வாசலருகே 1982 முதல் எதிர்ப்பு முகாம்.

வெள்ளைக்கார அரசு யோக்கியமென்று யாரும் நினைக்க வேண்டாம். 2016-இல் வெஞ்சன்ஸ் படகின் ஏவுகணைச் சோதனை தோற்றது. அது தெரியாமலேயே எம்.பி.க்கள் புதிய படகுகளுக்கு வாக்களித்தார்கள். மறு வருடம் தொலைக்காட்சியில் நான்கு தடவை கேட்டும் பிரதமர் தெரசா மே நேராகப் பதில் சொல்லவில்லை. தோண்டி எடுக்க ஆளிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மூர் அணு நீர்மூழ்கி அரிஹந்த் 2016-இல் ஊர் அறியாமல் பணியில் சேர்ந்தது. முதல் அணு ஆயுத ரோந்து முடிந்ததைப் பிரதமர் 2018 நவம்பரில் அறிவித்தார். அந்தப் படகின் அணு உலை மாதிரியைக் கல்பாக்கத்தில் கட்டிப் பழகியவர்களை மாமா இளக்காரமாகப் பேச விடமாட்டார். நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிகளோடு பேச நிற்கும் கடற்படை வானொலி நிலையம் ஐ.என்.எஸ். கட்டபொம்மனையும்தான். சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் அமுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் மட்டும் சில மீட்டர் இறங்கும். அதற்காகத்தான் ஈபிள் கோபுரத்தையும் மிஞ்சும் அந்தக் கம்பங்கள். 1799-இல் வெள்ளைக்காரன் கயத்தாற்றில் தூக்கிலிட்டவர் பெயரில் கரை பேசுகிறது. கேட்டுக்கொண்டிருக்கும் படகு தம்பி ஊமைத்துரை மாதிரி, வாய் திறக்காது.

பதுங்கிக் கிடப்பது படகின் தொழில். ஊரே பதுங்க வேண்டுமா? அரிஹந்தின் மூடி திறந்து கிடந்து தண்ணீர் புகுந்ததென்று 2018 ஜனவரியில் ‘தி இந்து’ எழுதியது. பேச்சு அத்தோடு அமுங்கிப்போனது.

“நம்ம அரிஹந்துக்கு என்னாச்சு, சொல்லு பாப்போம்?” என்று மாமா திருப்பி அனுப்பினார். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.