வைரத்தோடும் கலைக்களஞ்சியமும்

எட்டாவது பிறந்தநாளுக்கு, வீட்டு வழக்கப்படி வைரத்தோடு தர வந்தார்கள். அந்தச் சிறுமி, தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்றாள். அவள்தான் 1918இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்த, பின்னாளில் வானிலை விஞ்ஞானியான அன்னா மணி.

இதை அந்தக் குழந்தையின் துணிச்சலாக மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அந்த வீடுதான் கண்ணில் படுகிறது. அப்பா சிவில் இன்ஜினியர், ஏலக்காய்த் தோட்டக்காரர். கேட்ட புத்தகம் கிடைத்த வீடு. அதே வீட்டில் ஆண்பிள்ளைகளை உத்தியோகத்துக்கும் பெண்பிள்ளைகளைக் கல்யாணத்துக்கும்தான் வளர்த்தார்கள். நம் வீடுகள் பலவும் இன்றும் அப்படித்தானே?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமன் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கத்தின் ஒளிர்வை ஆராய்ந்தார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லையென்று முனைவர் பட்டம் தரவில்லை. அவர் நிற்கவில்லை. வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார். துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார்.

என் உறவில் எத்தனையோ பெண்கள் எம்.எஸ்சி. முடித்தார்கள். யாரும் அவர்களைப் படிக்காதே என்று சொல்லவில்லை. ஆராய்ச்சி என்றதும்தான், "அப்புறம் மாப்பிள்ளை எப்படிம்மா அமையும்?" என்று கேட்டார்கள். எவ்வளவு படித்தால் போதும் என்பதை அவர்களைத் தவிர எல்லோரும் முடிவு செய்தார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

மகள் பிஎச்.டி. சேர ஆசைப்பட்டால், தயவுசெய்து அந்த வருஷம் வரன் பேச்சை எடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டி, நேர்காணலுக்கு ரயில் ஏற்றிவிடுங்கள்.