காரோட கப்பல் ஏறுவோம், வாங்க!

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. சூரத் பக்கத்துல இருக்கிற ஹசிராவுல இருந்து, பாவ்நகர் பக்கத்துல இருக்கிற கோகாவுக்கு ரோட்டுல போனா 370 கிலோமீட்டர். கடல் வழியாப் போனா 90 கிலோமீட்டர். எதுல போவீங்க? 'இதெல்லாம் ஒரு கேள்வியா பாஸ்?'னு நீங்க சிரிக்கிறது கேக்குது. ஆனா, இந்தக் கணக்குக்கு விடை எழுத குஜராத்துக்கு 2020 நவம்பர் வரைக்கும் ஆச்சு. ஏன்னு போகப் போகச் சொல்றேன். இப்போ கார்ல ஏறுங்க, கப்பலுக்கு லேட் ஆச்சு!

கார் நம்மளோடது இல்லைங்க. காலேஜ் சீனியர் அண்ணன் ஒருத்தர் சூரத்துல வேலை பார்க்கிறார். திருநெல்வேலிக்காரர். நான் சிவில் மூணாவது வருஷம். இன்-பிளான்ட் ட்ரெய்னிங்னு ஹசிராவுக்கு வந்து, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு நாலு வாரம் வெயில்ல நின்னதுதான் மிச்சம். பாவம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோட பழைய ஆல்ட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டார். "ஏலே, மேப்புல குஜராத்தைப் பாரு. அல்வாவுல கத்தி இறக்கின மாதிரி கடல் உள்ள போகுதா? அதான் காம்பே வளைகுடா. கத்திக்கு இந்தப் பக்கம் சூரத், அந்தப் பக்கம் சௌராஷ்டிரா. இவ்வளவு நாளா எல்லாரும் அல்வாவைச் சுத்திச் சுத்தி வந்தானுக. நாம கத்தியைத் தாண்டுதோம்!"

கப்பல் வயித்துக்குள்ள கார் நுழையற அந்த நிமிஷம் இருக்கே... தீம் பார்க் தோத்துது! முன்னாடி ஒரு பதினாறு சக்கர லாரி, பின்னாடி ஒரு இன்னோவா, நடுவுல எலி மாதிரி நம்ம ஆல்ட்டோ. ஆரஞ்சு சட்டை போட்ட ஆள் கையை ஆட்டி ஆட்டி ஓர் அங்குல இடைவெளியில நிறுத்த வைக்கிறார். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டுட்டு மேல போயிடணும். ஒரு நடைக்கு 30 லாரி, 100 கார், 500 பயணிகள்னு இந்த ரூட்டை ஆரம்பிச்சப்போ அரசாங்கம் கணக்குக் கொடுத்துச்சு. அன்னிக்கு எங்களோட வந்ததுல பாதிப் பேர் டூ வீலர்காரங்க.

ஹசிராவைச் சாதாரணமா நினைக்காதீங்க. பக்கத்துலதான் சுவாலி கடற்கரை. தாப்தி ஆத்து முகத்துல ஆழம் பத்தாம, பெரிய கப்பலெல்லாம் சூரத் வரைக்கும் போக முடியாது. அதனால வெள்ளைக்காரன் கப்பல் சுவாலியிலதான் நங்கூரம் போடும். 1612-ல இங்கதான் இங்கிலீஷ்காரங்க போர்ச்சுகீசியக் கப்பல்களோட மோதி ஜெயிச்சாங்க. அடுத்த வருஷமே சூரத்துல கடை விரிச்சுட்டாங்க. அப்புறம் நடந்த கதையைத்தான் நாம ஸ்கூல் ஹிஸ்டரியில மாங்கு மாங்குன்னு படிச்சோம்.

கப்பல் கிளம்பிடுச்சு. கடல்னதும் மெரினா நீலத்தைக் கற்பனை பண்ணாதீங்க. இங்க கடல் டீ கலர். பால் கொஞ்சம் தூக்கலாப் போட்ட டீ! நர்மதா, தாப்தி, மாஹி, சபர்மதின்னு அத்தனை ஆறும் மண்ணைக் கொண்டு வந்து கொட்டுற இடம். அதோட அலை ஏற்ற இறக்கம் வேற. நம்ம சென்னைப் பக்கம் ஒரு மீட்டரைத் தாண்டினாலே அதிகம். இங்க பாவ்நகர் பக்கம் 10 மீட்டருக்கு மேல! மூணு மாடி உயரத்துக்குத் தண்ணி ஏறி, இறங்கி, திரும்ப ஏறி இறங்குது. ஒரே நாள்ல! படிஞ்ச சேத்தை இந்தத் தண்ணி கலக்கிக்கிட்டே இருந்தா கடல் எப்படி நீலமா இருக்கும்?

இந்த இடத்துல நம்ம சிவில் மூளையைக் கொஞ்சம் கசக்கிக்கிறேன் (ஹைட்ராலிக்ஸ்ல அரியர் இருக்கிறது வீட்டுக்குத் தெரிய வேணாம்). கப்பல் தண்ணியோட சேர்ந்து ஏறி இறங்கும். கரை நின்ன இடத்துலயே நிக்கும். அப்போ கார் எப்படி இறங்கும்? அதுக்குத்தான் 'லிங்க்ஸ்பேன்'னு ஒரு பாலம். ஒரு முனையைக் கரையில கீல் போட்டு மாட்டியிருப்பாங்க. இன்னொரு முனை மிதவை மேல உக்காந்து தண்ணியோட ஏறி இறங்கும். 10 மீட்டர் இறக்கத்தை லாரி தாங்குற சரிவாக்கணும்னா, பத்துக்கு ஒண்ணு வெச்சாலே பாலம் 100 மீட்டர் நீளம் வேணும். படகுத்துறை கட்டுறதைவிடப் பெரிய வேலை இதுதான்.

இவ்வளவு செஞ்சும் இங்க கடல்தான் பாஸ். இந்த சர்வீஸ் முதல்ல ஓடினது கோகாவுக்கும் பரூச் மாவட்டத்து தஹேஜுக்கும் நடுவுல. கடல்ல சுமார் 31 கிலோமீட்டர்தான். 2017 அக்டோபர்ல பயணிகளோட ஆரம்பிச்சு, 2018-ல வண்டிகளையும் ஏத்துனாங்க. 2019-ல தஹேஜ் பக்கம் மண் படிஞ்சு ஆழம் குறைஞ்சு, கப்பல் நின்னுபோச்சு. கோடிக்கணக்குல கொட்டிக் கட்டினதைச் சேறு ஜெயிச்சுடுச்சு! அப்புறம்தான் ஆழம் இருக்கிற ஹசிராவுக்கு ரூட்டை மாத்தினாங்க.

சேறு ஜெயிக்கிறது இங்க புதுசும் இல்ல. 1342-ல துக்ளக்கோட தூதரா சீனாவுக்குக் கிளம்பின இபின் பதூதா, தஹேஜ் பக்கத்து காந்தார்ல கப்பல் ஏறி இதே கோகாவுக்குத்தான் வந்தார். தண்ணி இறங்கியிருந்ததால கப்பலைத் தூரத்துலயே நிறுத்திட்டு, சின்னப் படகுல இறங்கினார். ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போது படகு சேத்துல மாட்டிக்கிச்சு. மனுஷனுக்கு நீச்சலும் சரியா வராது. தண்ணி திரும்ப ஏர்றதுக்குள்ள, ரெண்டு பேர் தோளைப் பிடிச்சுக்கிட்டே நடந்து கரை சேர்ந்தார். உலகம் சுத்தினவர் எழுதி வெச்ச கதை இது!

இதை அண்ணன்கிட்ட அளந்துக்கிட்டு இருந்தப்போ, பக்கத்து சீட் பெரியவர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். பாவ்நகரி காட்டியா. நம்ம காராசேவுக்குச் சொந்தக்காரன். "காகா, காகா"ன்னு அண்ணன் அவரைக் கூப்பிட, நான் ஜன்னல்ல காக்கா தேட, ஒரே சிரிப்பு. குஜராத்தியில காகான்னா சித்தப்பாவாம்.

காகா சூரத்துல வைரம் பட்டை தீட்டுறவர். 26 வருஷமா சாணைச் சக்கரத்து முன்னாடி உக்காந்த கண்ணு. ஊர் பாவ்நகருக்கு அந்தாண்டை. சூரத் வைரப் பட்டறைகள்ல பாதி சௌராஷ்டிரா ஆட்களாத்தான் இருப்பாங்க போல. முன்னெல்லாம் தீபாவளிக்கு மட்டும் ராத்திரி பஸ்ஸுல ஊருக்குப் போவாராம். அப்பா தவறினப்போ அந்த பஸ்ஸுல போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது. அம்மா போன வருஷம். சேதி வந்ததும் காலையில கப்பலைப் பிடிச்சார். முகத்தைப் பார்த்துட்டார்.

அவர் இதைச் சொன்ன விதத்துல அழுகையெல்லாம் இல்ல. கப்பல் டைம்டேபிள் சொல்ற மாதிரிதான் சொன்னார்.

அப்புறம் அவரே கோகா பழமொழி ஒண்ணு சொன்னார். 'லங்காவோட பொண்ணு, கோகாவோட மாப்பிள்ளை.' அந்தக் காலத்துல கோகா மாலுமிங்க இலங்கை வரைக்கும் போய்ப் பொண்ணு எடுத்தாங்கன்னு பெருமை. "இப்போ கோகா மாப்பிள்ளை சூரத்துக்குத்தான் போறான்"னு சிரிச்சார். இந்தத் தடவை எதுக்கு ஊருக்குன்னு கேட்டேன். கேட்டிருக்க வேணாம். 2022-க்கு அப்புறம் வைரத் தொழில் படுத்துக்கிட்டே வருது. முதல்ல வாரத்துக்கு நாலு நாள் வேலைன்னாங்களாம். அப்புறம் பட்டறையைப் பூட்டிட்டாங்களாம். ஊர்ல கொஞ்சம் நிலக்கடலை போடுற நிலம் இருக்கு. வீட்டுக்காரம்மாவும் பையனும் போன மாசமே போயாச்சு. கீழ் தளத்துல அவரோட பைக்ல மிக்ஸி, ஃபேன், ஒரு ட்ரங்குப் பெட்டி, சுருட்டின மெத்தை. ஒருவழி டிக்கெட்.

காட்டியாவை மென்னு முழுங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

நாலு மணி நேரம் முடியப்போற நேரத்துல கோகா தெரிஞ்சது. ஒரு காலத்துல ஓஹோன்னு இருந்த துறைமுகம். 1860-கள்ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நடந்தப்போ, இங்க இருந்து பருத்தி மூட்டை மூட்டையாப் போச்சு. அப்புறம் பாவ்நகர் முந்திக்கிச்சு, கோகா தூங்கிடுச்சு. நாங்க சேர்ந்தப்போ தண்ணி நல்லா இறங்கியிருந்தது. ரெண்டு பக்கமும் பளபளன்னு சேறு, லிங்க்ஸ்பேன் மலைப்பாதை மாதிரி செங்குத்தா நின்னுச்சு. லாரியெல்லாம் உறுமிக்கிட்டு ஏறிடுச்சு. காகாவோட பைக் பாதியில திணறி நின்னுடுச்சு. பின்னாடி அத்தனை பாரம்! அண்ணன் ஸ்டியரிங்ல இருந்தார். நான் குதிச்சு ஓடிப்போய் ஒரு பக்கம் பிடிச்சேன். ஆரஞ்சு சட்டைக்காரர் திட்டிக்கிட்டே வந்து இன்னொரு பக்கம் பிடிச்சார். காகா ஆக்ஸிலேட்டரை முறுக்க, நாங்க தள்ள, மூச்சு வாங்கி மேல வந்து சேர்ந்தோம்.

மேல வந்ததும் காகா மிச்சக் காட்டியாவை என் சட்டைப் பையில திணிச்சார். "கோலியாக் போங்க. கடலுக்குள்ள நிஷ்களங்க மகாதேவ் கோயில் இருக்கு. தண்ணி இறங்கினாத்தான் நடந்து போக முடியும். சீக்கிரம் போங்க, ஏறிடும்"னார். அவ்வளவுதான், பைக் கிளம்பிடுச்சு. மெத்தை மட்டும் ரொம்ப தூரத்துக்குத் தெரிஞ்சது.

நாங்க கோலியாக் போனோம். கரையில இருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல, கடல் விலகின தரையில கொடிக்கம்பம் தெரிஞ்சது. சனங்க சாரை சாரையா நடந்துக்கிட்டிருந்தாங்க. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிட்டு, சேத்துல காலை வெச்சேன். வழவழன்னு உள்ள இழுத்துச்சு.

"ஏலே, மணி பார்த்துக்க"ன்னார் அண்ணன்.