பழி சுமந்த கை

வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் (பெரிட்டோனியல் டயாலிசிஸ்) செய்துகொள்பவருக்குத் தொற்று வந்தால், எல்லோர் கண்ணும் முதலில் போவது பை மாற்றியவரின் கைமீதுதான். அம்மாவுக்கு வந்தபோது அந்தக் கை என்னுடையது. “சரியா கை கழுவினியா?” என்று அண்ணனும் அத்தையும் மாறி மாறிக் கேட்டார்கள். அவர்களைவிட அதிகம் கேட்டது நான்தான். கதவைச் சாத்தி, மின்விசிறியை அணைத்து, மாஸ்க் கட்டி, கை கழுவி, மூடியைத் திறந்து குழாயைப் பொருத்துவது வரை ஒவ்வொன்றையும் இரவெல்லாம் மனதுக்குள் செய்து பார்ப்பேன். எங்கே பிசகியது என்று தெரியவில்லை. ஆனால் பிசகியது நான்தான் என்று நம்பிவிட்டேன்.

தினம் நான்கு முறை, முறைக்கு இரண்டு லிட்டர் டயாலிசிஸ் திரவத்தை வயிற்றுக்குள் ஏற்றி, பிறகு வடித்தெடுக்க வேண்டும். அன்று வடிந்த நீர் அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. வயிற்றுவலியும் காய்ச்சலும் கூடவே. அந்தப் பையைக் கொட்டாமல் அப்படியே மருத்துவமனைக்கு எடுத்துப் போனோம். ஒரு மைக்ரோலிட்டர் நீரில் 100க்கு மேல் வெள்ளணுக்களும், அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்களும் இருந்தால் தொற்று என்று எடுத்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அந்த அளவு தாண்டியிருந்தது. நீரைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, ஆன்டிபயாடிக்கைப் பைக்குள்ளேயே கலந்து வயிற்றுக்குள் ஏற்றினார்கள்.

கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் என் கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “வீட்டில பூனை இருக்காம்மா?” என்றார்.

கிருமி, பாஸ்டுரெல்லா மல்டோசிடா. 1880 வாக்கில் லூயி பாஸ்டர் ஆராய்ந்த கோழிக் காலராவுக்குக் காரணமும் இதுவே. பூனைகளின் வாயில் சாதாரணமாகக் குடியிருக்கும். தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வந்திருந்தால் கையையோ வயிற்றில் பொருத்திய கதீட்டர் வெளிவரும் இடத்தையோ சந்தேகிக்கலாம். குடல்வாழ் கிருமிகளானால் குடலை. இதற்கு வழி பெரும்பாலும் பூனைதான். அது கடித்த குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தாலே போதும். இரவில் மெஷின் வைத்து டயாலிசிஸ் செய்கிறவர்கள் தூங்கும்போது பூனை குழாயைக் கடித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியிருக்கின்றன.

நான் பொருத்திவிட்டு அடுப்படிக்குப் போனதும் அம்மா எங்கள் பூனைக்குக் கதவைத் திறந்துவிடுவாளாம். “நீர் வடிய அரை மணி நேரம் ஆகுது. தனியா உக்காந்திருக்கேன்னு அதுவும் வந்து படுத்துக்கும். குழாயோட விளையாடும், பாவம்” என்றாள். டயாலிசிஸ் பயிற்சியில் விலங்குகளைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சர்வதேச பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி, பை மாற்றும் அறைக்குள் செல்லப்பிராணிகளை விடக் கூடாது என்கிறது. இதைப் பயிற்சியின் முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

அம்மா படுக்கையில் கிடக்கும்போது, பிசகியது என் கை இல்லை என்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மருந்தைத் தேர்ந்தெடுக்க டாக்டருக்கு அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட் வேண்டும். வீட்டில் பை மாற்றுகிறவர்களுக்கும் அது வேண்டும். கிருமியின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். எந்த வழியாக வந்திருக்கும் என்றும் கேளுங்கள்.

பாஸ்டுரெல்லா பெரும்பாலும் பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்கிவிடும். அம்மாவுக்கும் அடங்கியது, கதீட்டர் தப்பியது. எல்லா அபூர்வக் கிருமிகளும் இப்படியல்ல. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சில, வழக்கமான கல்ச்சரில் பிடிபடாமலே போகலாம். கதீட்டரையே எடுக்க நேர்வதும் உண்டு.

பூனையை யாருக்கும் கொடுத்துவிடவில்லை. குழாயைக் கழற்றி மூடி போடும்வரை அதற்கு அந்த அறையில் இடமில்லை, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரமும் அம்மாவுக்குப் பேச்சுத்துணை வேண்டுமே. கீரையையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு நானே உள்ளே உட்கார்ந்துவிடுகிறேன்.