அம்மாவின் இரண்டாவது கண்

அம்மாவின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று தெரிந்த அன்றே நாங்கள் மூவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். இந்த முறை காசு கொடுத்துத்தான் பார்ப்பது.

இடது கண்ணுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு இலவச முகாமில் அறுவை நடந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பரிசோதித்து, காலனியிலிருந்து ஏழு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் ஏழு பேரும் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார்கள். அப்போது எங்கள் வீட்டில் சம்பளம் என்று வந்தது மூத்தவளின் பனியன் கம்பெனிக் கூலி மட்டும்தான். மற்ற இருவரும் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். இன்று மூவருமே சம்பாதிக்கிறோம். அம்மாவை மறுபடியும் வேனில் ஏற்ற மனம் ஒப்பவில்லை.

நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். பதிவு செய்யும் இடத்தில் விலாசம் கேட்டார்கள். சொன்னோம். "காலனியா?" என்று ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்கள். இந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் வரும் பார்வையை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பரிசோதனை முடிந்ததும் கவுன்சிலர் அறை. "அம்மா என்ன வேலை பண்றாங்க?" என்றார் அந்தப் பெண். கழனி வேலை, நூறு நாள் வேலை என்றோம். "அப்போ இவங்களுக்கு இதுவே போதும்" என்று பட்டியலின் முதல் வரியைக் காட்டினார். 14,000 ரூபாய். அம்மாவிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பிறகு இளையவன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டை அவர் கண்ணில் பட்டது. குரல் மாறியது. "சார், உங்க அம்மாவுக்குன்னா இதைப் பாருங்க." மடிக்கும் லென்ஸ் 26,000. வெளிநாட்டு லென்ஸ் 42,000. கிட்டவும் எட்டவும் கண்ணாடி இல்லாமலே தெரியும் லென்ஸ் 68,000. மாதத் தவணையும் உண்டாம்.

இரண்டு நிமிடத்துக்கு முன்பு முதல் வரி போதுமானதாக இருந்த கண்ணுக்கு இப்போது கடைசி வரி தேவைப்பட்டது. கண் மாறவில்லை. எங்களைப் பற்றிய கணக்குத்தான் மாறியிருந்தது.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நொடியில் நாங்கள் 68,000-க்குத் தலையாட்டத் தயாராக இருந்தோம். 'காலனியா' என்று கேட்டவர்கள் முன்னால் அதை எண்ணி வைக்க வேண்டும் போலிருந்தது. சமூகவியலில் எம்.ஏ. முடித்து, சுயமரியாதை பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவர்களுக்கே இந்த நிலைமை.

தடுத்தது அம்மாதான். "அந்தக் கண்ணுல காசில்லாமத்தான வச்சாங்க? ஊசில நூல் கோக்கறதத் தவிர எல்லாந்தான் தெரியுது. இதுக்கு மட்டும் இன்னாத்துக்குடா இவ்ளோ?"

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து யோசித்தோம். அம்மா கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

தாத்தாவின் சோடாபாட்டில் கண்ணாடி எங்களுக்கு நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் புரையை எடுத்துவிட்டு, கண்ணுக்குள் எதுவும் வைக்காமல், தடித்த கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் 1949-லேயே கண்ணுக்குள் லென்ஸ் வைத்துவிட்டார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. ஆனால் இறக்குமதி லென்ஸின் விலை நம் தாத்தாக்களுக்கு எட்டவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1992-ல் ஆரோலேப் தொடங்கி உள்நாட்டிலேயே லென்ஸ் செய்த பிறகுதான் விலை இறங்கியது. முகாமில் போகும் கூலிக்காரரின் கண்ணுக்குள்ளும் லென்ஸ் ஏறியது அப்படித்தான்.

பிறகு மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கேயும் மருத்துவர் அதே கேள்வியைத்தான் கேட்டார். "என்னம்மா வேலை செய்றீங்க?" ஆனால் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். சாதாரண லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் தெளிவாகக் காட்டும். எட்டப் பார்வைக்கு வைத்தால் ஊசி கோக்க, அரிசியில் கல் பொறுக்க கண்ணாடி போட வேண்டும். எந்தத் தூரம் முக்கியம் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. "வரப்பு தெரியணும், பஸ்ஸு போர்டு கலர் தெரியணும்" என்றார் அம்மா. எட்டப் பார்வைக்கே முடிவானது.

விலை கூடிய லென்ஸ் பற்றியும் விசாரித்தோம். மடிக்கும் லென்ஸுக்குக் கீறல் சிறியது, சீக்கிரம் ஆறும். கிட்டவும் எட்டவும் காட்டும் லென்ஸில் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். விழித்திரை கெட்டிருந்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. எந்த லென்ஸானாலும் அதன் பவரைச் சரியாக அளப்பதுதான் முக்கியம்.

இரண்டு நாள் வரிசையில் அலைந்தோம். அறுவை நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனைக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. ஆனால் இலவசம் என்றால் செலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். கூட இருந்தவர்களின் சம்பளம் போனது. பஸ் காசு, சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேல், குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்ற அந்த வாரங்கள் நடவு நேரத்தில் வந்தன. அம்மாவின் நடவுக் கூலியை எந்த இலவசமும் ஈடுகட்டாது. இதற்குப் பயந்தே எங்கள் தெருவில் பலர் "அறுப்பு முடியட்டும்" என்று கண்ணைத் தள்ளிப்போடுகிறார்கள். முகாம் நடத்துவோரும் அரசும் யோசிக்க வேண்டிய இடம் இது.

இளையவனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. காசிருந்தும் இலவசத்துக்குப் போனோமே என்கிறான். அரசு மருத்துவமனை பிச்சை அல்ல, நாம் வாங்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறோம் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மரியாதையான பேச்சு காசு கொடுக்கிறவர்களுக்கு மட்டும் என்றால், நம்மவர்கள் கடன்பட்டாவது அதை வாங்கத்தான் பார்ப்பார்கள்.

தோழர்களே, உங்கள் வீட்டில் இந்த நிலை வந்தால் கவுன்சிலர் மேசையில் உடனே முடிவெடுக்காதீர்கள். அந்தத் தொகையில் ரத்தப் பரிசோதனை, சொட்டு மருந்து, மறுபரிசோதனை, கண்ணாடி சேருமா என்று கேளுங்கள். விலை கூடினால் இந்தக் கண்ணுக்கு என்ன கூடும் என்று மருத்துவரையே கேளுங்கள். லென்ஸின் பெயரும் பவரும் உள்ள சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நோயாளியையும் பேச விடுங்கள். எங்களைவிட அம்மாவுக்குத்தான் தன் கண்ணைப் பற்றித் தெரிந்திருந்தது.