மிதக்கும் பனி, நிற்கும் பனி

மார்ச் மாதம் ஸ்வால்பார்டுக்குக் கிளம்பும் முன் மகள் ஒரு நோட்டில் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். எட்டு வயது. "ஒண்ணு, அங்க பென்குயின் இருக்குமா? ரெண்டு, ஆறு மாசம் ராத்திரியா? மூணு, ஐஸ் உருகினா கடல் ஏறுமா?" நான் ஆஸ்லோவில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கேள்வி வந்தால் சட்டென்று மூடிவிட வேண்டும் என்பது தொழில் பழக்கம். விமானம் லாங்யர்பியனில் இறங்குவதற்குள் மூன்றையும் முடித்துவிட்டேன். இல்லை, ஆமாம், ஆமாம். நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஊரின் எல்லையில் வெள்ளைக் கரடி வரைந்த எச்சரிக்கைப் பலகை இருந்தது. "கரடி இங்க, பென்குயின் அங்க. ரெண்டும் ஒரே மாதிரி ஐஸ்தானே, ஏன்பா?" ஒரே மாதிரி இல்லை என்பதை அவளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே சரியாக உறைத்தது. வடதுருவத்தில் நிலமே கிடையாது. 4,000 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள கடல், அதன்மேல் சில மீட்டர் பனி மிதக்கிறது. கரடி அந்தப் பனிமேல் நடந்து சீல் பிடிக்கிறது. தென்துருவம் இதற்கு நேர் எதிர். அது ஒரு கண்டம். துருவப் புள்ளியில் பாறைக்கு மேல் ஏறத்தாழ 2,700 மீட்டர் பனி. அங்கே நிற்பவர் கடல் மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் நிற்கிறார், ஊட்டியைவிட உயரம். அதனால்தான் தெற்கே குளிர் அதிகம். வடக்கே பனிக்கு அடியில் கடல் இருக்கிறது. உப்புநீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில்தான் உறையும், அந்தச் சூடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்துகொண்டே இருக்கும். தெற்கே அந்த அடுப்பு இல்லை. 1983 ஜூலையில் அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் மைனஸ் 89.2 டிகிரி பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது பதில் மார்ச் 8 அன்று பொய்யானது. ஆறு மாத இரவு என்பது துருவப் புள்ளிக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு, அதிலும் பாதிக்கு மேல் அந்திவெளிச்சம்தான். 78 பாகையில் இருக்கும் இந்த ஊரில் அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் தொடுவானத்துக்கு மேலே வராது. வந்த பிறகும் தெற்கே உள்ள மலைகள் மறைத்துக்கொள்ளும். பழைய மருத்துவமனையின் படிக்கட்டில் வெயில் விழும் நாள்தான் ஊர்க் கணக்கில் சூரியன் வந்த நாள். மருத்துவமனை போய்விட்டது, படிகள் மட்டும் இருக்கின்றன. முகத்தில் மஞ்சள் பூசிய குழந்தைகள் அங்கே கூடி நின்று சூரியனைக் கத்திக் கூப்பிட்டார்கள். மொழி தெரிந்த என் மகளும் சேர்ந்து கத்தினாள். மலை விளிம்பில் ஒளி வழிந்து முதல் படியைத் தொட்டபோது பெரியவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் காற்றின்மேல் பழி போட்டேன்.

மூன்றாவதை அவளே சோதித்தாள். ஓட்டல் அறையில் டம்ளர் விளிம்புவரை நீர், அதில் ஐஸ் கட்டிகள். முழுதும் உருகியும் ஒரு சொட்டு வழியவில்லை. "ஏறலையேப்பா! அப்ப பயமே இல்ல." அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதி. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது. மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் அநேகமாக ஏறாது, அவள் சொன்னது சரிதான். ஆனால் அது பாதி.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் முட்டைக் கிண்ணம் ஒன்றைச் சூப் கோப்பைக்குள் கவிழ்த்து, விளிம்புவரை நீர் ஊற்றி, கிண்ணத்தின் தலையில் ஐஸ் வைத்தேன். "இது நிக்கிற ஐஸ். கிரீன்லாந்து, அண்டார்டிகா." ரொட்டி தின்று முடிப்பதற்குள் மேசைவிரிப்பு நனைந்தது. அண்டார்டிகா பனி முழுதும் உருகினால் கடல் 58 மீட்டர் அளவுக்கு உயரும், கிரீன்லாந்து 7 மீட்டர். அது முழுக்க நடக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆனால் அதில் மிகச் சிறு பங்கே கடலோர ஊர்களுக்குப் போதும். மிதக்கும் பனி போனாலும் சும்மா இல்லை. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பரப்பு போய், அதை விழுங்கும் கருங்கடல் வருகிறது. கடந்த நாற்பது ஆண்டுகளில் ஆர்க்டிக், உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. 2020 ஜூலையில் இந்த ஊர் விமான நிலையத்தில் 21.7 டிகிரி.

அவள் ஜன்னல் வழியே மலைச்சரிவில் இருந்த வேலிகளைக் காட்டினாள். "அது எதுக்கு?"

"பனி சரிஞ்சு வராம தடுக்க."

"வந்துருக்கா?"

2015 டிசம்பரில் வந்தது. மலையிலிருந்து சரிந்த பனி வீடுகளைப் பெயர்த்துத் தள்ளியது. இரண்டு பேர் இறந்தார்கள் என்று சொன்னேன். அவர்களில் ஒன்று இரண்டு வயதுக் குழந்தை என்பதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆபத்தான இடத்திலிருந்த வீடுகளை இடித்து அகற்றியதைச் சொன்னேன். இங்கே வீடுகள் கால்கள்மேல் நிற்பது ஏன் என்றும் சொன்னேன். அடிநிலம் ஆண்டு முழுதும் உறைந்தே இருக்கும், வீட்டின் சூடு அதை இளக்கிவிடக் கூடாது. இப்போது வீட்டைத் தொடாமலே, காற்றின் சூட்டிலேயே அது இளகத் தொடங்கியிருக்கிறது.

"அப்ப இந்த ஊர் இருக்குமா, போயிருமா?"

இல்லை, ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. "இருக்கணும்னுதான் வேலி கட்டறாங்க, வீட்டை மாத்திக் கட்டறாங்க" என்றேன். "ஆனா வேலி கட்டினா மட்டும் போதாது. சூடு இங்க உண்டாகலை. நாம இருக்கற எல்லா ஊர்லேருந்தும் வருது."

கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு நோட்டை எடுத்து நான் சொன்ன இரண்டு 'ஆமாம்'களை அடித்தாள். மூன்றாவதன் பக்கத்தில் பெரிதாக எழுதினாள்: "எந்த ஐஸ்னு மொதல்ல கேக்கணும்."