கான்கிரீட்டில் ஒரு மர முடிச்சு

சண்டிகரின் கேப்பிட்டல் வளாகத்துக்குள் நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். மற்றவர்கள் உயர் நீதிமன்றத்தின் பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னாலிருந்த சாய்தளச் சுவரை ஒட்டி நின்றுவிட்டேன்.

கான்கிரீட்டில் மரம் தெரிந்தது. பலகை சேரும் இடத்தில் கோடு, நடுவே நாரோடிய வரிகள், ஓரிடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு முடிச்சு. தடவினால் விரலில் தட்டுப்படுகிறது. நம் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்பார்களே, அந்தப் பலகைகளைப் பிரித்த பிறகு பூச்சு பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். இந்த வளாகத்தை வடிவமைத்த லெ கொர்புசியர் தெரிந்தே செய்த காரியம் இது. பூசாத கான்கிரீட்டுக்குப் பிரெஞ்சில் 'பெத்தோன் ப்ரூத்' என்று பெயர். புரூட்டலிசம் என்ற கட்டடப் பாணியின் பெயர் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு; கொடூரம் என்ற பொருளோடு அதைக் குழப்பிக்கொள்வது அநியாயம். இந்தச் சுவரை முதலில் கட்டியவர் தச்சர்தான், மரத்தில்.

அந்த நினைப்போடுதான் 5ஆம் செக்டரில் பியர் ஜான்னரே குடியிருந்த வீட்டுக்குப் போனேன். இப்போது அருங்காட்சியகம். கொர்புசியரின் ஒன்றுவிட்ட தம்பி அவர். 1951இல் வந்து 1965 வரை இந்த ஊரிலேயே இருந்தார்; இறந்த பின் அவருடைய சாம்பலைக் கரைத்ததும் இங்குள்ள சுக்னா ஏரியில்தான். இந்தப் புதிய தலைநகரத்தின் அலுவலகங்களுக்கு மேசை நாற்காலி வேண்டியிருந்தது. அவரோடு யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து வரைந்தார்கள்; உள்ளூர்ப் பட்டறைகளில் தேக்கிலும் பிரம்பிலும் செய்தார்கள்.

அப்படிச் செய்த நாற்காலி ஒன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஜாமெட்ரி பாக்ஸ் காம்பஸை விரித்து நிறுத்தியது போலக் கால்கள். இரண்டும் மேலே சேர, அங்கே கைப்பிடி படுத்திருக்கிறது. எடையை எது தாங்குகிறது என்பது பார்த்தவுடன் தெரிகிறது. எதையும் மறைக்க மெத்தை இல்லை, செதுக்கு வேலை இல்லை. சுவரில் கண்ட அதே நேர்மை. ஆனால் கனம் மட்டும் இல்லை. பிரம்புப் பின்னல் வழியே காற்றும் வெளிச்சமும் போகின்றன. புரூட்டலிசப் பாணி என்று இன்று தடித்த கட்டையையும் சிமென்ட் பலகையையும் அடுக்கி மேசை செய்கிறவர்கள் இதைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். கொர்புசியரிடமிருந்து பாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது.

பழசானதும் இந்த நாற்காலிகளைக் கழித்துக்கட்டி அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு ஏலங்களில் அவற்றின் விலை எகிறிய பிறகு, 2011இல் மத்திய அரசு விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. இன்று பெங்களூரில் ஃபான்டம் ஹான்ட்ஸ் பட்டறை இதே வடிவங்களைக் கையால் செய்கிறது; இத்தாலியின் கசினா 2019இல் தன் பதிப்பைக் கொண்டுவந்தது.

கிளம்பும்முன் ஒரு நாற்காலியின் முதுகுச் சட்டத்தைப் பார்த்தேன். எந்த அலுவலகத்துச் சொத்து என்று குறிக்க வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்தும் எண்ணும், பாதி அழிந்து. செய்த தச்சரின் பெயர் எங்கும் இல்லை. கைப்பிடியின் அடியில் மட்டும், வெளிச்சம் சாய்வாக விழுந்த இடத்தில், இழைப்புளி ஓடிய தடம் மெல்லிய அலையாக நின்றது.